சுண்ணாம்புக் கோடு

செல்லூரில் எங்கள் பள்ளி மைதானத்தை
ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை
ஒரு சுண்ணாம்புக் கோடு இரண்டாக வெட்டும்.
தொட்டிப் பக்கம் நாங்கள், கராத்தே.
வேம்புப் பக்கம் அவர்கள், சிலம்பம்.
நிழல் முழுக்க அவர்களுக்கு.
குழாய் முழுக்க எங்களுக்கு.

கோட்டைத் தாண்டிப் போய்வந்தவை
பெரும்பாலும் சொற்கள்.
வெள்ளை நைட்டி என்பார்கள் எங்கள் உடையை.
மாடு பத்துற குச்சி என்பான் என் அஸ்லம்.
நான் அதட்டுவேன்.
அதட்டும்போதே கொஞ்சம் சிரித்தும் விடுவேன்.
அது தப்புதான்.

காசிமாயன் சிலிண்டர் போடுகிறவர்.
அவர் கம்பு சுழன்றால் அந்தக் காற்று
கோட்டைக் கடந்து வந்து
என் பெல்ட்டின் நுனியை ஆட்டும்.
பார்க்காத மாதிரி எண்ணிக்கொண்டிருப்பேன்,
இச்சி, நி, சான்.
அவர் பாதம் எங்கே விழுகிறது என்று
ஓரக்கண்ணால் நான் படித்ததை
யாரிடமும் சொன்னதில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு
பிள்ளைகளே மூட்டிவிட்டார்கள்.
மாஸ்டரும் மேடமும் ஒரே ஒரு தரம்,
அடி வேணாம், தொட்டா போதும்.

அவர் என் கைகளைப் பார்த்தார்.
"ஒண்ணும் இல்லாம நிக்கிறீகளே" என்று
கம்பை வேம்பில் சாய்த்துவிட்டு வந்தார்.
குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.
நான் இடுப்பை மடித்து வணங்கினேன்.
என் வணக்கம் நீளம்.
நான் நிமிரும் வரை
அவர் மண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாலு நிமிஷம் இருக்கும்.
குத்துவரிசை இவ்வளவு தாழ வரும் என்று
எனக்குத் தெரியாது.
தண்டவாளத்தில் ஏதோ ரயில் போனது,
எந்த ரயில் என்று பார்க்க நேரமில்லை.
அவர் வலது தோள்
ஒரு விரல்கடை தாமதமாக ஏறுவதைக் கண்டேன்.
மாடி மாடியாய்ச் சிலிண்டர் தின்ற தோள்.
கண்டதும் அந்தப் பக்கமே போனேன்,
இரண்டு தரம்.
வாய்ப்பு என்று அதற்கு எங்களிடம் பெயர்.

அவர் கால்வாரல் எல்லாம்
என் வலது காலுக்கே வந்தது.
மூன்றாவது தரம் எனக்குச் சிரிப்பு.
பாவம், ஒரு பக்கம்தான் பழகியிருக்கிறார்
என்று நினைத்தேன்.

யார் ஜெயித்தது என்பதில்
பிள்ளைகளுக்குள் இன்னும் தகராறு.

இரவு.
பக்கத்துச் சுவருக்குள் விசைத்தறி
தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க
இடது முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன்.
பதினொரு வருஷத்துக்கு முன்
திண்டுக்கல் போட்டியில் கிழிந்த ஜவ்வு.
பிள்ளைகளுக்குத் தெரியாது.
தெரியக் கூடாதென்றே
உறைகூடப் போடாமல் நிற்கிறேன் வாரா வாரம்.
தேய்த்த கை பாதியில் நின்றது.

இடப்பக்கம்
ஓர் அடிகூட வரவில்லை.

கம்பை நாலு திசைக்கும் வீசுகிற ஆளுக்கு
ஒரு பக்கம்தான் தெரியுமா?
என் இரண்டாவது எட்டிலேயே பார்த்திருப்பார்.
அவர் தோளை நான் பார்த்த
அதே கண்ணால்தான் பார்த்திருப்பார்.
பிறகு அவர் போன திசை வேறு,
நான் போன திசை வேறு.
தூக்கம் வரவில்லை. தறிமேல் பழி போட்டேன்.

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கே போனேன்.
அவர் டப்பாவோடு குனிந்து
கோடு போட்டுக்கொண்டிருந்தார்.
இத்தனை நாள் அது
வாட்ச்மேன் வேலை என்று நினைத்திருந்தேன்.

"முழங்காலை ஏன் அடிக்கல?"

"எந்த முழங்கால்?"

முகத்தில் ஒன்றும் இல்லை.
சுண்ணாம்பு மட்டும் மீசையில் கொஞ்சம்.
தோளுக்கு மன்னிப்புக் கேட்க வந்தவள்
என்ன சொல்வதென்று தெரியாமல்
குழாயடியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.
குடித்தார். வாயைத் துடைத்தார்.
"அந்தச் சுத்தி அடிக்கிற உதை இருக்கே,
அதை ஒருக்கா காட்டுங்க. மெதுவா.
எனக்குப் பிடிபடவே இல்ல."

இடது காலை ஊன்றி
வலது காலைத் தூக்கினேன்.

"இல்ல இல்ல" என்றார் அவசரமாக,
"மத்தக் கால்ல காட்டுங்க."